மலை ஏறினாலும் மனசு ஓய மாட்டேங்குதா? தியானம் எதைத் தரும், எதைத் தராது?

ஓய்வு தேடி மலை ஏறுகிறவர்களை எண்ணி எண்ணி அனுப்ப வேண்டிய நிலை வந்துவிட்டது. கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு 2024 மே 7-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள்.

மலையடிவாரத்தில் இருக்கும் ஒட்டன்சத்திரத்துக்கு இந்தக் கூட்டம் புதிதில்லை. ஊருக்குத் தெற்கே பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. இங்கிருந்து பழனிக்குப் போய் அங்கிருந்து மலைச்சாலையில் ஏறலாம். வடகாடு, பாச்சலூர், தாண்டிக்குடி என்று உள்வழியாகவும் ஏறலாம். எந்த வழியில் போனாலும் காரில் இருப்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “ரெண்டு நாள் எதையும் யோசிக்காம இருந்துட்டு வரலாம்.”

ஆனால் நடப்பது என்ன? ஏரியைச் சுற்றியாச்சு, தூண் பாறை பார்த்தாச்சு, சாக்லேட் வாங்கியாச்சு, ஸ்டேட்டஸ் போட்டாச்சு. நடுவில் நாலு முறை ஆபீஸ் குரூப்பை எட்டிப் பார்த்தாச்சு. திங்கட்கிழமை காலையில் லாகின் பண்ணும்போது, போன வெள்ளிக்கிழமை இருந்த அதே களைப்பு அப்படியே இருக்கிறது.

இதே மலையில், பழனிச் சாலையும் வத்தலகுண்டுச் சாலையும் சேரும் பெருமாள்மலையில், ஓய்வை வேறு மாதிரி அணுகும் ஒரு இடம் 1996 முதல் இருக்கிறது. பெயர் போதி ஜென்டோ. அங்கே வருகிறவர்கள் செய்யும் முக்கியமான வேலை, சும்மா உட்கார்ந்திருப்பது. அதில் அப்படி என்ன ஓய்வு கிடைக்கும்? அறிவியல் அதைப் பற்றி என்ன சொல்கிறது? மலைக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

உடம்பு உட்கார்ந்திருக்கு, மூளை ஓடுது. ஏன்?

ராத்திரி தெருவில் ஒரு நாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் படபடவென்று அடிக்கும், மூச்சு வேகமாகும், கால்களுக்கு ரத்தம் பாயும், செரிமானம் மெதுவாகும். இது பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரந்து உடம்பை ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயார்படுத்துகின்றன. வண்டிக்கு ஆக்சிலரேட்டர் மாதிரி.

நாய் போனதும் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். அது துணைப் பரிவு நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு குறையும், மூச்சு சீராகும், பசி திரும்ப வரும். இதுதான் உடம்பின் இயல்பான ஓய்வு.

சிக்கல் எங்கே என்றால், “ஒரு நிமிஷம் பேசலாமா?” என்று மேனேஜரிடமிருந்து வரும் மெசேஜுக்கும் உடம்பு கிட்டத்தட்ட இதே அலாரத்தைத்தான் அடிக்கிறது. நாயாவது ஒரு கட்டத்தில் போய்விடும். மேனேஜரின் மெசேஜ் மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். சாப்பிடும்போது ஞாபகம் வரும், குளிக்கும்போது ஞாபகம் வரும், ஏரியில் படகு ஓட்டும்போதும் ஞாபகம் வரும். ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் அழுந்தும்.

மனம் இப்படி அலைவது எவ்வளவு சகஜம் என்பதை ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-ல் அளந்து பார்த்தார்கள். 2,250 பேரின் போனுக்கு நேரங்கெட்ட நேரத்தில் கேள்வி அனுப்பி, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். சுமார் 47 சதவீத நேரம் அவர்களின் மனம், கை செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. மனம் வேறெங்கோ இருந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

ஆக, உடம்பைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோவது சுலபம். மனசைக் கூடவே கூட்டிக்கொண்டு போவதுதான் கஷ்டம். தியானம் கற்றுத்தருவது இந்த இரண்டாவது வேலையை.

பெருமாள்மலைக்கு ஜென் எப்படி வந்தது?

போதி ஜென்டோவைத் தொடங்கியவர் ஒரு புத்த பிக்கு அல்ல, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பெயர் அருள் மரிய ஆரோக்கியசாமி. ‘அமா சாமி’ என்றால்தான் பலருக்குத் தெரியும். 1936-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர், இயேசு சபைத் துறவி. ரமணாசிரமம் உட்பட பல இடங்களில் தேடிவிட்டு, கடைசியில் ஜப்பானுக்குப் போனார்.

அவர் ஜப்பான் போக உதவியவர் ஹியூகோ லசால் என்ற ஜெர்மானிய இயேசு சபைப் பாதிரியார். 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்த ஊரிலேயே இருந்து, காயத்தோடு உயிர் தப்பியவர் லசால். பிறகு அவர் ஜென் பயின்று, கிறிஸ்தவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்.

காமகுராவில் அமா சாமிக்கு வாய்த்த குரு யமதா கோஉன். நம்மில் ஆபீஸ் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆள் இவர். யமதா துறவி கிடையாது. கல்யாணம் ஆனவர், ஒரு மருத்துவ நிறுவனத்தில் நிர்வாக வேலை பார்த்தவர். வேலைக்குப் போய்க்கொண்டே தானும் தியானம் செய்து, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1982-ல் அமா சாமி ஜென் கற்பிக்க அனுமதி பெற்றார். 14 வருடம் கழித்து பெருமாள்மலையில் போதி ஜென்டோ உருவானது.

எந்த மதத்தைச் சேர்ந்தவரும், மதமே இல்லாதவரும் அங்கே போய்ப் பயிலலாம். ஆனால் அது சுற்றுலாத் தலம் கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, இடம் உறுதியான பிறகுதான் போய்த் தங்க முடியும்.

‘ஜென்’ என்பதே நம்ம சொல்தானா?

ஆமாம், சுற்றி வளைத்துப் பார்த்தால். சமஸ்கிருத ‘தியான’, பாலியில் ‘ஜான’ ஆனது. அது சீனாவுக்குப் போய் ‘சான்’ ஆனது. அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் ‘ஜென்’ ஆனது. சீனாவுக்கு இந்த மரபைக் கொண்டுபோனவராகச் சொல்லப்படும் போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்று ஒரு மரபுக்கதை உண்டு. 2011-ல் வந்த ‘7ஆம் அறிவு’ படம் மூலம் அந்தக் கதை இங்கே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. வரலாற்று ஆதாரம் குறைவு, கதைக்குச் செல்வாக்கு அதிகம்.

தமிழ் மரபிலும் இது அந்நியமில்லை. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்க யோகத்தைப் பேசுகிறது. ‘சும்மா இருத்தல்’ என்பதை ஒரு பெரிய சாதனையாகவே நம் சித்தர்களும் அருளாளர்களும் பார்த்திருக்கிறார்கள். “சும்மா இருக்கறது ஒரு வேலையா?” என்று கேட்பவர்கள், ஐந்து நிமிடம் போன் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

அங்கே அப்படி என்ன செய்கிறார்கள்?

கேட்டால் “இவ்வளவுதானா?” என்று தோன்றும்.

ஒரு அமர்வு 25 நிமிடம். தரையில் மெத்தை போட்டு, முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். கால் மடக்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். கண்ணை முழுக்க மூடுவதில்லை, பாதி திறந்து பார்வையைத் தாழ்த்தி வைப்பது ஜென் வழக்கம். தொடக்கநிலையில் மூச்சை எண்ணச் சொல்வார்கள். ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு அமர்வுகளுக்கு இடையில் நடைத் தியானம். மெதுவாக, வரிசையாக, காலடியைக் கவனித்தபடி நடப்பது. பிறகு உடலுழைப்பு. தோட்டத்தைப் பார்ப்பது, கூட்டிப் பெருக்குவது, காய் நறுக்குவது என்று ஏதாவது ஒரு வேலை. ஜென் மரபில் இதுவும் பயிற்சிதான். பேச்சு குறைவு. சில நாட்கள் தொடர்ந்து மௌனமாக இருந்து பயிலும் முகாம்களும் உண்டு.

இதில் எங்கேயும் ‘எண்ணத்தை நிறுத்து’ என்ற கட்டளை இல்லை என்பதைக் கவனியுங்கள். “எனக்குத் தியானம் செட் ஆகல, உட்கார்ந்தாலே ஆயிரம் யோசனை வருது” என்று சொல்லிப் பாதியில் விட்டவர்கள் நம்மில் அதிகம். யோசனை வருவது தோல்வி இல்லை. மூச்சிலிருந்து மனம் நழுவுகிறது, நழுவியது தெரிகிறது, திரும்பக் கூட்டி வருகிறோம். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே. ஜிம்மில் டம்பெல்லைத் தூக்கி இறக்குகிற மாதிரி. பத்து நிமிடத்தில் ஐம்பது முறை நழுவினால், ஐம்பது முறை பயிற்சி செய்ததாகக் கணக்கு.

மூச்சைக் கவனித்தால் உடம்பில் என்ன ஆகும்?

இதயம், செரிமானம், வியர்வை போன்றவை நம் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. மூச்சு மட்டும் நடுவில் நிற்கிறது. தானாகவும் நடக்கும், நாம் நினைத்தால் மாற்றவும் முடியும். அதனால்தான் கிட்டத்தட்ட எல்லாத் தியான மரபுகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைகின்றன.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாகக் கூடும், வெளியே விடும்போது லேசாகக் குறையும். வேகஸ் என்ற நரம்பு இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. மூச்சு மெதுவாகி, வெளிமூச்சு நீளும்போது பிரேக்குக்கு அதிக நேரம் கிடைக்கிறது. ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அமைதியாக உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினால், நாம் எதுவும் செய்யாமலேயே அந்த எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும்.

ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்பவர்களை ஆய்வகத்தில் உட்காரவைத்துச் சோதித்தார். இதயத் துடிப்பு, மூச்சு, உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜன் எல்லாமே குறைவதைப் பார்த்தார். அலாரத்துக்கு நேர் எதிரான இந்த நிலையைப் பற்றி 1975-ல் அவர் எழுதிய புத்தகம் பெரிய அளவில் விற்றது. இதற்குத் தேவையானவையாக அவர் சொன்னதில் இரண்டு முக்கியம். ஒரு சொல்லையோ அசைவையோ திரும்பத் திரும்பச் செய்வது. வேறு நினைப்பு வந்தால் அலட்டிக்கொள்ளாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புவது.

இதைப் படிக்கும்போது ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வரலாம். தைப்பூசத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சாலையில் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கிருந்து பழனி இன்னும் சுமார் 30 கிலோமீட்டர். ஒரே சீரான நடை, திரும்பத் திரும்ப ‘அரோகரா’. காலில் கொப்புளம், முகத்தில் ஒரு தெளிவு. பக்தியை ஆய்வகத்தில் அளக்க முடியாது. ஆனால் பென்சன் சொன்ன இரண்டு அம்சங்களும் அந்த நடையில் இருக்கின்றன.

ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

சர்வரோக நிவாரணி என்று சொல்லும் வீடியோக்களையும், எல்லாம் ஏமாற்று என்று சொல்லும் வீடியோக்களையும் ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம்.

• 1979: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின், மதச் சடங்கு எதுவும் இல்லாத 8 வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடு இருந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. இன்று ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று கார்ப்பரேட் ஆபீஸ்களில் நடக்கும் பலவற்றுக்கும் அதுதான் மூலம்.

• 2014: 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரின் தரவுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதற்கு மிதமான ஆதாரம் இருந்தது. பொதுவான மன அழுத்தம் குறைவதற்கு இருந்த ஆதாரம் அதைவிடப் பலவீனமானது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

• 2015: தூக்கப் பிரச்சினை இருந்த 49 முதியவர்களிடம் நடந்த சிறிய ஆய்வு. தியானப் பயிற்சி பெற்றவர்களின் தூக்கம், ‘நல்ல தூக்கத்துக்கு இதைச் செய்யுங்கள்’ என்று அறிவுரை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாக முன்னேறியது.

• 2022: பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரத் தியானப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு எசிடலோபிராம் மாத்திரை. முடிவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்தன.

கடைசி ஆய்வை வைத்து, ‘மாத்திரை வேண்டாம், தியானம் போதும்’ என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நம்ப வேண்டாம். அதில் கலந்துகொண்டவர்கள் வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம் வகுப்புக்குப் போனார்கள், வீட்டில் தினமும் 45 நிமிடம் பயிற்சி செய்தார்கள். ஆப்பில் மூன்று நிமிட ஆடியோ கேட்பதும் அதுவும் ஒன்றல்ல. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது.

தியானம் செய்தால் தூக்கம் குறைவாக இருந்தாலும் போதுமா?

போதாது. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். “அரை மணி நேரத் தியானம் நாலு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம்” என்ற பேச்சை நம்பி, ராத்திரி ஒரு மணி வரை முழித்திருப்பவர்கள் உண்டு.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. ‘தூக்கம் வருது’ என்ற அழுத்தத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். தூங்கினால்தான் அது சரியாக வடியும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. இதற்குத் தியானத்தில் குறுக்குவழி இல்லை.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்பும் லாரி டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். கண் செருகும்போது மூச்சை எண்ணி ஒரு பயனும் இல்லை. வண்டியை ஓரம் கட்டித் தூங்குவது ஒன்றுதான் வழி. நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வீடு திரும்பும் ஐ.டி. ஊழியருக்கும் இதே கணக்குதான்.

தியானம் உதவுவது வேறு இடத்தில். படுத்த பிறகும் மண்டைக்குள் மீட்டிங் ஓடுகிறதே, அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் தணித்து, தூக்கத்துக்கு வழிவிடுகிறது. உட்கார முடியாத அளவு களைப்பு என்றால், படுத்தபடியே உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோகும் ‘யோக நித்திரை’ மாதிரியான பயிற்சியைச் செய்யலாம். நடுவில் தூங்கிவிட்டால் நல்லதுதான். உடம்பு கேட்டது அதைத்தான்.

எல்லோருக்கும் ஏற்றதா?

பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பக்கவிளைவே கிடையாது என்பது உண்மையல்ல. 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஒரு கட்டுரை, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேர் ஏதோ ஒரு விரும்பத்தகாத அனுபவத்தைச் சந்தித்ததாகச் சொல்கிறது. அவற்றில் அதிகம் இருந்தவை பதற்றமும் மனச்சோர்வும்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நாள் முழுக்க வேலையாலும் போனாலும் மூடிவைத்திருந்த துக்கமோ பயமோ, சத்தம் அடங்கியதும் மேலே வரலாம். கடுமையான மனச்சோர்வு, பழைய அதிர்ச்சி அனுபவம், மனநோய் வரலாறு உள்ளவர்கள் மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. முதல் முயற்சியே பத்து நாள் மௌன முகாமாக இருக்க வேண்டாம். உட்கார்ந்தால் படபடப்பு கூடுகிறது என்றால் கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள். அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டுப்போயிருந்தாலோ, ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு வந்தாலோ, அது தியானத்தை நம்பிக் காத்திருக்க வேண்டிய நேரம் இல்லை. அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆபீஸ் பிரச்சினையைத் தியானம் தீர்க்குமா?

தீர்க்காது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 7,45,000 மரணங்களுக்கு நீண்ட வேலை நேரம் காரணமாக இருந்திருக்கிறது என்பது அவர்களின் மதிப்பீடு.

வேலைக் களைப்பால் ஆள் முழுதாகத் தீர்ந்துபோகும் ‘பர்ன் அவுட்’ நிலையை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலை சார்ந்த பிரச்சினையாகப் பட்டியலிட்டது. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்பதே அதன் விளக்கம். தனிமனிதரின் பலவீனம் என்று அதில் சொல்லவில்லை.

ஆகவே, 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் தியான வகுப்பு வைக்கும் நிறுவனம் ஓய்வு தருவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆள் பற்றாக்குறை, ராத்திரி பதினொரு மணி மெசேஜ், கேட்டும் கிடைக்காத லீவு, இதெல்லாம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள்.

தியானம் இங்கே செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. எது உண்மையான வேலைச் சுமை, எது அதைப் பற்றி நம் தலைக்குள் ஓடும் ரிப்பீட் மோடு என்பதைப் பிரித்துப் பார்க்க நிதானம் கிடைக்கும். முதலாவதை ஹெச்.ஆரிடமோ மேனேஜரிடமோ கொண்டுபோகலாம். இரண்டாவதுக்குத்தான் மூச்சை எண்ணுவது. ‘எல்லாத்தையும் பொறுத்துக்கோ’ என்பதற்குத் தியானம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

சரி, எப்படித் தொடங்குவது?

மலை ஏற வேண்டாம், ஆப் வாங்க வேண்டாம், மணை வாங்க வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

1. நேரத்தை முடிவு பண்ணுங்கள். காலையில் போனைத் தொடுவதற்கு முன்னால் செய்தால் நல்லது. முடியாவிட்டால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும். தினமும் ஒரே நேரமாக இருப்பது முக்கியம்.

2. போனில் பத்து நிமிட டைமர் வைத்து, கைக்கு எட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். நோட்டிஃபிகேஷன் அணைந்திருக்கட்டும்.

3. நாற்காலியிலோ தரையிலோ முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். விறைப்பாக வேண்டாம். கை மடியில். கண்ணை மூடினால் தூக்கம் வருகிறதென்றால் பாதி திறந்து தரையைப் பாருங்கள்.

4. வெளியே போகும் ஒவ்வொரு மூச்சையும் எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்று பத்து வரை. மூச்சை இழுத்துப் பிடிக்கவோ நீட்டவோ வேண்டாம். அது போகிற போக்கில் போகட்டும். எண்ணுவது பிடிக்கவில்லை என்றால், உங்களுக்குப் பழக்கமான ஒரு சொல் போதும். முருகா, அல்லா, இயேசுவே, அம்மா என்று எதுவாகவும் இருக்கலாம். ‘ஒன்று’ என்ற சொல்லே கூடப் போதும்.

5. மனம் போனால் திரும்பக் கூப்பிடுங்கள். ‘பதினேழு’ என்று எண்ணிக்கொண்டிருப்பதைத் திடீரென்று கவனிப்பீர்கள், இல்லை நாளைய மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை. மறுபடி ஒன்று.

6. டைமர் அடித்ததும் உடனே போனைப் பிடுங்க வேண்டாம். அரை நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்திருங்கள்.

வீட்டில் தனியாக உட்கார இடமே இல்லையா? பஸ்ஸில், நிறுத்தி வைத்த வண்டியில், டீக்கடைக்கு நடந்துபோகும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். நடக்கும்போது மூச்சுக்குப் பதில் காலடி. வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

முதல் வாரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. ‘அமைதி கிடைச்சுதா?’ என்று தினமும் சோதித்தால் அதுவே ஒரு டார்கெட் ஆகிவிடும். அதற்குப் பதில் எட்டு வாரம் கழித்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். படுத்ததும் தூக்கம் வர ஆகும் நேரம் குறைந்திருக்கிறதா? கோபம் வந்த பிறகு சுதாரிக்க முன்பைவிடக் குறைவான நேரம் ஆகிறதா? சாப்பிடும்போது சாப்பாட்டின் ருசி தெரிகிறதா?

மூன்றில் ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் தொடருங்கள். எதுவுமே மாறவில்லை என்றால், உங்களுக்குத் தினமும் அரை மணி நேர நடையோ, நண்பரோடு பேசுவதோ, டாக்டரைப் பார்ப்பதோ அதிகம் உதவலாம். தியானம் ஓய்வுக்கு ஒரு வழி. அதுமட்டுமே வழி என்று யாரும் சொல்லவில்லை, ஆய்வுகளும் சொல்லவில்லை.